க்ளோசபைனும் கைவிட்டால்?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். ஏர்வாடியும், இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை ஒரே ராமநாதபுரம் மாவட்டம். மாத்திரைக்கு மட்டுப்படாத மனச்சிதைவு நோயாளியை ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோகும் வீட்டாரை அறியாதவர்கள் என்று சொல்லிவிடலாம். மருத்துவத்தின் கடைசி இரண்டு வழிகளும் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று யார் கேட்டார்கள்?

மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. அவர்களுக்கான மருந்து க்ளோசபைன். 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது 30 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது. ஒப்பிட்ட பழைய மருந்து தந்ததோ 4 சதவீதம் பேருக்கு. க்ளோசபைனும் கைவிட்டவர்களுக்கு, அந்த மருந்தை நிறுத்தாமலே மின் அதிர்வுச் சிகிச்சையைச் சேர்த்துப் பார்த்தது 2015இல் வந்த இன்னொரு ஆய்வு. சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேர் தேறினார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் ஒருவர்கூட இல்லை. ஆனால் மொத்தமே 39 பேர். 'போலி' சிகிச்சையோடு ஒப்பிட்ட 2017 பிரேசில் ஆய்வில் இரு தரப்பும் தேறின, வித்தியாசம் தெரியவில்லை. அதுவும் சிறிய ஆய்வே. 2019இல் 15 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு நடுத்தரச் சான்று என்ற அளவில் சிகிச்சைக்குச் சாதகமாகவே நின்றது. இதைவிடத் தெளிவான மாற்று கையில் இல்லாதபோது, இந்த அளவு சான்றையே நான் போதுமானதாகக் கொள்வேன்.

'கரண்ட் வைப்பது கொடுமை' என்ற அச்சத்துக்கு சினிமா மட்டும் காரணமல்ல. மயக்க மருந்தின்றி அதைக் கொடுத்த காலம் உண்டு. 2017 மனநலச் சட்டம் மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கொடுப்பதைத் தடை செய்துவிட்டது; அவசர சிகிச்சை என்ற பெயரில் கொடுக்கவும் இடமில்லை. ஞாபகக் குறைவு நிஜம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிறது, சிலருக்குப் பழைய நினைவுகள் திரும்புவதில்லை. அதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும்.

சட்டம் சரி, ஆனால் மயக்க மருத்துவர் கட்டாயமானதும் சிகிச்சை பெரிய ஆஸ்பத்திரிகளோடு நின்றுவிடுகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு. ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றில் ஒரு நோயாளி, கூட ஒருவர், போன கூலி. க்ளோசபைனுக்கோ முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளையணுப் பரிசோதனை. திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டுக் குடும்பம் இதற்காக மதுரைக்கு எத்தனை தடவை பஸ் ஏறும்? வெள்ளையணு எண்ணுவதற்கு மதுரை தேவையில்லை, அதை தாலுகா ஆஸ்பத்திரியிலேயே முடிக்கலாம். மின் அதிர்வுக்கு, 2022 முதல் விருதுநகரில் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரியில் வாரம் இரண்டு காலைகள், ஒரு மயக்க மருத்துவர், உடன் வருபவருக்குப் பயணப்படி என்று மாவட்ட மனநலத் திட்டத்திலேயே எழுதி வைக்கலாம்.