எந்த ராமசாமி?

நமது அங்கத்தவர் ஒருவரின் மகன் அண்மையில் காரியாலயத்துக்கு வந்தார். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை. "எங்க தாத்தாவோட அப்பா பேரு ராமசாமி. பழைய குடிசன மதிப்பீட்டுல அவரைத் தேட முடியுமா?" என்று கேட்டார்.

இலங்கையில் முதல் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. 1911இல்தான் நம்மவரை 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எண்ணினார்கள். அந்த அறிக்கைகளில் மாவட்டத்துக்கு எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று இருக்கும். ராமசாமி இருக்கமாட்டார்.

பெயர் இருப்பது தோட்டத்துச் செக்றோலில். அதிர்ஷ்டவசமாக ஒரு பழைய புத்தகம் அந்தத் தம்பியின் பார்வைக்குக் கிடைத்தது. ஒரே டிவிசனில் நான்கு ராமசாமிகள்! கிளாக்கர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால், ஒருவரே ஒரு மாதம் ராமசாமி, மறுமாதம் ராமன். கடைசியில் வழிகாட்டியது எண்பது வயதைத் தாண்டிய அவருடைய அப்பாயிதான். எந்தக் கங்காணியின் ஆட்களோடு வந்தார்கள், ஊர் எது, ராமசாமியின் சம்சாரம் பெயர் என்ன என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. கங்காணியின் பெயரைப் பிடித்து, பக்கத்தில் மாரியாயி இருக்கும் ராமசாமியைத் தேடினார்கள். கிடைத்தார். அதற்கு முந்திய புத்தகங்கள் எங்கே என்று கேட்டால், கறையான் தின்ற மிச்சத்தைக் கொளுத்திவிட்டதாகப் பதில் வந்தது.

இதைப் படித்த பிள்ளையின் ஆசை என்று மட்டும் நாம் தள்ளிவிட முடியாது. 1948ஆம் ஆண்டின் சட்டம் நமது பிரஜாவுரிமையைப் பறித்தது. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், இந்த நாட்டில் தொடர்ச்சியாக வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒரு தோட்டத்தில் ராமசாமி, அடுத்த தோட்டத்தில் ராமன் என்று பதியப்பட்டவர் எதைக் காட்டுவார்? 2003ஆம் ஆண்டின் சட்டம்கூட, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வசிப்பவர்களையும் அவர்களது சந்ததியினரையும் பற்றியே பேசியது. அங்கும் கேள்வி, யாருடைய பிள்ளை நீ என்பதுதான். இன்று சேமலாப நிதிக்குப் போகிறவர்களும், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் இன்னொரு பெயர் என்று அலைகிறார்கள். பெண்களின் பாடு இன்னும் மோசம். முனியம்மாவும் மாரியாயியும் இல்லாத லயம் ஏது?

1975இல் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. கொழுந்தையும் ஸ்டோரையும் எண்ணிக் கைமாற்றியவர்கள், பழைய பேரேடுகளை அதே கவனத்தோடு கைமாற்றினார்களா? எஞ்சியுள்ள செக்றோல்களையும் பிறப்பு, இறப்புப் பதிவுகளையும் எரிக்கவோ பழைய கடதாசிக்கு விற்கவோ கூடாது. அவை தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் சேரவேண்டும் என்று நாம் கோருகிறோம். தோட்டத் தலைவர்மார் தங்கள் காரியாலயத்தில் என்ன புத்தகங்கள் மிஞ்சியிருக்கின்றன என்று துரையிடம் கேட்டு நமக்கு எழுதுங்கள்.

வீட்டில் அப்பாயி, அம்மாயி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கொப்பியோடு பக்கத்தில் உட்காருங்கள். கங்காணி பெயர், ஊர், முதலில் பேர் பதிந்த தோட்டம், கூடப்பிறந்தவர்களில் இந்தியாவுக்குப் போனவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். ட்ரங்குப் பெட்டியில் உள்ள பழைய துண்டுகளைப் பிரதி எடுத்து வையுங்கள். மூலப் பத்திரத்தை யார் கேட்டாலும், நாமே கேட்டாலும், கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.