வடிகட்டியா, இயந்திரமா?

திருச்சுழியை அடுத்த சிற்றூரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். பெங்களூரில் பணிபுரியும் மகன் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வருகிறாராம். அலுவலகத்தில் எஸ்பிரஸோ காபிக்குப் பழகிவிட்ட அவர், சென்ற ஆண்டு தாய் கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டாராம். தறியில் உழைத்துச் சேர்த்த சீட்டுப் பணத்தில் இயந்திரம் ஒன்று வாங்கலாமா என்பது கேள்வி. வீட்டுக்கு ஓடு மாற்ற வைத்திருந்த பணம் அது என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி. அந்த வரிதான் நம்மை இதை எழுத வைத்தது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குவோம். நம் திருமண மண்டபங்களில் எஸ்பிரஸோ என்று தருவது, பெரும்பாலும் நீராவியால் பாலை நுரைக்க வைத்துக் கலக்கும் உடனடிக் காபியே. இத்தாலியர் அப்பெயரால் குறிப்பது வேறு. மிக நுண்ணிதாக அரைத்த தூளின் ஊடே, காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 9 மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, அரை நிமிடத்திற்குள் இறக்கும் சாறு அது. அதற்கு இயந்திரம் மட்டும் போதாது. சீராக அரைக்கும் கருவியும் வேண்டும். மலிவான இயந்திரப் பெட்டியின்மேல் ‘15 பார்’ என்றிருப்பது பம்பின் உச்ச வலிமையே அன்றி, தூளின்மேல் விழும் அழுத்தம் அன்று.

நம் வறண்ட பூமிக்கே உரிய இடையூறு மற்றொன்று, தண்ணீர். ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்குப் படிவதைத் தாங்களே கண்டிருப்பீர்கள். அதே பொருக்கு இயந்திரத்தினுள், கை நுழையாத மெல்லிய குழாய்களில் படிந்தால் யார் சுரண்டுவது? பழுது பார்ப்பவரைத் தேடி மதுரைக்கோ அதற்கும் அப்பாலோ போக வேண்டிவரும்.

இயந்திரம் வேண்டாம், சகோதரி. ஆனால் மகன் ஏன் பாதியில் வைத்தார் என்று பார்க்கத்தான் வேண்டும். தூள் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சிக்கரியின் அளவை அதில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். 49 விழுக்காடு வரை சேர்க்க இடந்தருவதும் அதே சட்டந்தான்! சிக்கரி நிறமும் கனமும் தரும். காபியின் மணத்தைத் தராது. எண்பதுக்கு இருபது போதும். கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் நூறு நூறு கிராமாக வாங்குங்கள். விலை மலிவென்று ஒரு கிலோ வாங்கி இரண்டு மாதம் வைத்திருப்பது நம் வீடுகளில் நடக்கும் பெரும் வீண்செலவு.

அடுத்து வடிகட்டி. ஆறு பேருக்கான வடிகட்டியில் இருவருக்குத் தூள் இட்டால் படுகை மெலிந்து, நீர் விரைந்து ஓடி, டிகாஷன் நீர்த்துவிடும். வீட்டிலிருப்பது பெரிதானால், அருப்புக்கோட்டைப் பாத்திரக் கடையில் சிறியது ஒன்று வாங்குங்கள். மேற்கலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துளைகள் ஊசிமுனை அளவில், ஒன்றுபோல் இருக்க வேண்டும். அது கீழ்க்கலத்தின்மேல் ஆடாமல் அமரவும் வேண்டும். பித்தளையின் அழகு தனிதான். ஆயினும் ஈயப்பூச்சு தேய்ந்தால் பூசுவதற்கு இன்று ஆள் கிடைப்பது அரிது. எவர்சில்வரே போதும்.

தூளை மெல்ல அழுத்தி, கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, கால்மணி நேரம் தொடாமல் விடுங்கள். டிகாஷனுக்கு மட்டுமாவது, குடிப்பதற்கு விலை கொடுத்து வாங்கும் குடத்து நீரையே பயன்படுத்துங்கள். துளைகளில் உப்பு அடைத்தால் புளித்தண்ணீரில் ஊற வைக்க இளகும். நுரைக்கு டபராவும் தங்கள் கையும் இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் மகன் அழுத்தத்தில் இறங்கிய காபியே வேண்டும் என்றால், 1933இல் இத்தாலியில் தோன்றிய மோக்கா கெண்டி என்று ஒன்று உண்டு. அடுப்பின்மேல் வைத்தால், அடியிலுள்ள நீரைத் தன் ஆவியே தூளின் வழியாக மேலே தள்ளும். எஸ்பிரஸோவின் அழுத்தம் அதில் இல்லை; திடம் உண்டு. மின்சாரம் வேண்டாம், உள்ளே கைவிட்டுக் கழுவலாம். பெங்களூரில் எளிதாகக் கிடைக்கும். வரும்போது மகனே ஒன்று வாங்கி வரட்டும். சீட்டுப் பணம் ஓட்டுக்கே இருக்கட்டும்.