வழியைப் பிள்ளைகள் படிக்கட்டும்



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் தோட்டப்புற வீடுகளில் தமிழகப் பயணத்தைப் பற்றிய பேச்சு எழுவது வழக்கம். கூட்டுப் பணம் கட்டியும், மிகைநேர வேலை பார்த்தும், நான்கைந்து ஆண்டுகள் சேர்த்து வைத்த தொகையைக் கொண்டு ஒரு குடும்பம் கடல் கடந்து செல்கிறது. அவ்வாறு செல்வோரில் பலர், விமான நிலையத்தில் இறங்கிய நாள் முதல் மீண்டும் ஏறும் நாள் வரை ஒரு வேனுக்குள்ளேயே அடைந்து கிடந்து திரும்புகின்றனர். பன்னிரண்டு நாளில் ஒன்பது ஊர், விடியுமுன் புறப்பாடு, நள்ளிரவில் விடுதி. போதாக்குறைக்குக் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே பகலில் முடித்துவிடுகின்றனர். பெரியோர்களின் பக்தியை நான் குறை கூறவில்லை. ஆனால், திரும்பி வந்த பிள்ளைகளிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், வேனில் ஓடிய திரைப்படங்களின் பெயர்களையே ஒப்பிக்கின்றனர்.

ஊர்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வேண்டும்; ஊர்விட்டு ஊர் செல்ல இரயிலையும், ஊருக்குள் சுற்றப் பேருந்தையும் நாட வேண்டும்; வழி கண்டுபிடிக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள தமிழ்ப்பள்ளி மாணவனிடமோ மாணவியிடமோ ஒப்படைக்க வேண்டும். இதுவே என் கருத்து.

இதற்குக் காரணம் உண்டு. நம் பள்ளிகள் பலவற்றில் முதலாம் ஆண்டுப் பதிவு குறைந்து வருகிறது. தமிழ் படித்து என்ன பயன் என்ற கேள்வி, இப்போது நம் லயத்து வாசலிலேயே கேட்கிறது. மேடைகளில் நாம் கூறும் விடைகள் பிள்ளைகளின் காதில் ஏறுவதில்லை. தமிழகப் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் தமிழில் இருக்கும். நகரப் பேருந்துகள் பலவற்றில் வேறு மொழியே இராது. ஆங்கிலம் மட்டும் கற்ற சுற்றுலாப் பயணி அங்கே திகைத்து நிற்பான். நம் மூன்றாம் ஆண்டு மாணவியோ எழுத்துக் கூட்டி, "அப்பா, இதுதான் திருவரங்கம் போகிற பேருந்து" என்று கூறிவிடுவாள். அப்பா, அம்மா, பாட்டி மூவரும் அவள் சொல்லைக் கேட்டு ஏறுவார்கள். தான் கற்ற எழுத்து ஒரு குடும்பத்தையே நடத்திச் செல்கிறது என்று அக்குழந்தை அறியும் அந்த நிமிடத்தை, வேனில் செல்வோர் அறவே இழந்துவிடுகின்றனர்.

நம் தாத்தா பாட்டியர் இப்படிச் சென்றவர்கள் அல்லர். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சிங்கப்பூர், போர்ட் சுவெட்டன்ஹாம், பினாங்கு வழியாக நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. கடலில் ஏறத்தாழ ஒரு வாரம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த பிள்ளைகள், கரை மறைவதையும் மறுகரை தோன்றுவதையும் கண்ணாரக் கண்டனர். தஞ்சை வட்டாரத்தார் நாகப்பட்டினத்தில் இறங்க, மற்றவர் சென்னை வரை சென்றனர். ரஜூலாவுக்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தக் கடல்வழி முடிந்தது. இன்று கோலாலம்பூரிலிருந்தோ சாங்கியிலிருந்தோ திருச்சிக்கு நான்கு மணி நேரந்தான். (பள்ளி விடுமுறையின் முதல் நாளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சாங்கிக்குச் செல்ல அதைவிட அதிக நேரம் ஆகிவிடுவதும் உண்டு. ஒரு கிலோமீட்டர் பாலந்தான்!) வானூர்தியில் பிள்ளைகள் காண்பது மேகம் மட்டுமே. ஆகவே, பயணம் என்று சொல்லத்தக்கது தமிழகத்திற்குள் நாம் செல்லும் வழியில்தான் மிஞ்சியிருக்கிறது. அதனையும் திரைச்சீலை போட்டு மூடிவிடலாமா?

நான் பரிந்துரைக்கும் வழி இது. திருச்சியில் இறங்கி, சென்னையிலிருந்து திரும்புங்கள். வந்த வழியே மீளும் இரண்டு நாள் மிச்சமாகும். திருச்சியில் நான்கு நாள், மதுரையில் நான்கு நாள், சென்னையில் இரண்டு மூன்று நாள் போதும். தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் திருச்சியிலிருந்து இரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலையில் சென்று மாலையில் திரும்பலாம். பெட்டி படுக்கைகளைக் கட்டி அவிழ்க்கும் தொல்லை இரண்டே முறைதான்.

இரயில் நிலையந்தோறும் மஞ்சள் நிறப் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப்பெயர் எழுதியிருப்பார்கள். அதன் அடியில், அந்த இடம் கடல் மட்டத்திற்கு எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்ற எண்ணும் இருக்கும். ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, இவ்விரண்டையும் எழுதிவரச் சொல்லுங்கள். திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்கையில் மணப்பாறை வரும். முறுக்குக்குப் பேர்போன ஊர். திண்டுக்கல் வரும், பூட்டுக்குப் பேர்போனது. பின்னர்க் கொடைரோடு, சோழவந்தான். பாடநூலில் ஒருமுறை வாசித்து மறந்த பெயர்கள் ஒவ்வொன்றாகச் சன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். எண்கள் ஏறுவதையும் இறங்குவதையும் கண்டு, நிலம் எங்கே உயர்கிறது என்பதைப் பிள்ளைகள் தாமே கூறிவிடுவார்கள்.

மதுரையில் தங்கியிருக்கையில் ஒரு நாளை இராமேசுவரத்திற்கு ஒதுக்குங்கள். அதற்கு இரயிலில்தான் செல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பாம்பன் இரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது ஓர் இரயிலையே கடல் கொண்டுபோயிற்று. நூறாண்டுக்கு மேல் உழைத்த பழைய பாலத்தில் 2022-இல் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, அதன் அருகே புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி அப்படியே மேலே உயர்ந்து வழிவிடும். நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நம் ஜொகூர் பாலத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு. இரு பக்கமும் கடல் இருக்க, இரயில் அதன்மேல் செல்லும். பக்கத்துச் சாலைப் பாலத்தில் வேனை நிறுத்தி இதனைப் படம் பிடிப்போர் பலர். படத்திற்குள் இருக்கும் இரயிலில் நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கட்டும்.

மதுரையிலிருந்து சென்னைக்கு, 1977 முதல் ஓடும் வைகை விரைவு இரயில் பகல் வண்டி. காலையில் ஏறினால் பிற்பகலில் சென்னை. திருச்சியை விட்டதும் காவிரி, திருவரங்கத் தீவு, கொள்ளிடம் என அடுத்தடுத்து வரும். 1987-இல் நிறைவுற்ற 236 அடி இராசகோபுரம் வண்டியிலிருந்தே தெரியும். இரவு வண்டியில் தூங்கிக்கொண்டே சென்றால் ஒரு நாள் மிச்சம் என்று சிலர் கணக்குப் போடுவர்; அந்த மிச்சம் எனக்கு உடன்பாடில்லை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் இரயிலில் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதிற்குள் இருப்போருக்குத் தனி இருக்கை வேண்டுமெனில் முழுக் கட்டணம்; வேண்டாமெனில் பாதி. நெடுந்தொலைவுக்கு இருக்கை வாங்கிவிடுவதே நல்லது. மடியில் வைத்துக்கொள்ள எட்டு வயதுப் பிள்ளை பூனைக்குட்டியா? முன்பதிவு, 2024 நவம்பர் முதல், பயண நாளுக்கு அறுபது நாள் முன்னர்தான் தொடங்குகிறது. தொடங்கியவுடன் பதிந்துவிடுங்கள். எந்த நிலையத்தில் ஏற வேண்டும் என்பதைப் பயணச்சீட்டில் பார்த்து உறுதி செய்வதும் பிள்ளையின் வேலையாகட்டும். சென்னையில் எழும்பூர் வேறு, சென்ட்ரல் வேறு. பேருந்திலும் இப்படித்தான், முன்னர்ச் சென்று வந்தவர்கள் கோயம்பேடு என்பார்கள். தென்மாவட்டப் பேருந்துகளுக்கென 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டுவிட்டது. பெரியவர்களின் நினைவைக் காட்டிலும் பலகையைப் படிக்கும் குழந்தையின் சொல் இங்கே நம்பத்தக்கது.

எல்லாருக்கும் எல்லா நாளும் இது ஒத்துவராது. முழங்கால் வலியுள்ள பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டத்தில் நெருக்கித் தள்ள வேண்டாம்; அன்றைக்கு ஒரு வாடகைக் கார் அமர்த்திக்கொள்வதில் தவறில்லை. இரவு நேரத்தில் அறிமுகமில்லாத ஊரில் பேருந்துக்காகக் காத்திருக்கவும் கூடாது. வழி சொல்வது பிள்ளையாயினும் கையைப் பிடித்திருப்பது பெற்றோராக இருக்க வேண்டும். விடுதியின் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய தாள் ஒவ்வொரு குழந்தையின் சட்டைப்பையிலும் இருக்கட்டும். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு இரயிலே நல்லது; எழுந்து நடக்கலாம், கழிவறையும் உண்டு. நவம்பர், டிசம்பர் மாதங்களில் மெர்சிங்கிலும் குளுவாங்கிலும் மழை கொட்டுவது போலவே அங்கும் வடகிழக்குப் பருவமழை. 2018-இல் கஜா புயலும் 2023-இல் மிக்ஜாம் புயலும் அப்பருவத்தில் வந்தவையே. வண்டிகள் நிறுத்தப்படலாம். திட்டத்தில் ஒரு நாளையாவது வெறுமனே விட்டு வையுங்கள். வானூர்தி ஏறும் நாளுக்கு முந்திய நாளே அந்த ஊருக்கு வந்துவிடுங்கள்.

புறப்படுமுன் ஒரு பயிற்சி செய்யலாம். நம் மாநிலத்தில் சிகாமட்டிற்கும் குளுவாங்கிற்கும் 2025-இல் மின்சார இரயில் வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அதில் அழைத்துச் சென்று, நேர அட்டவணையைப் படித்து, பெட்டியையும் இருக்கையையும் அவர்களே கண்டுபிடிக்கச் செய்யுங்கள். கடிகாரக் கணக்கையும் கற்பியுங்கள். தமிழகத்தில் இறங்கியதும் இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். 1981 வரை இந்த வேறுபாடு இரண்டு மணி நேரமே. 1982 புத்தாண்டன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நல்ல கணக்கு இது.

இன்னும் ஒரு பயணம் இருக்கிறது. கொள்ளுப்பாட்டன் பிறந்த சிற்றூரைப் பார்க்க விரும்பும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்த ஊர் எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் இராது. வீட்டிலுள்ள பழைய கடிதங்களில் ஊர்ப்பெயரோடு வட்டத்தின் பெயரையும் தேடி எடுத்துப் பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உள்ளன. வட்டத் தலைநகரின் பேருந்து நிலையத்தில் அப்பெயர் எழுதிய வண்டியை அவன் தேடிக் கண்டுபிடிக்கட்டும். ஏறியவுடன், கடைசி வண்டி எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்கள் பலவற்றில் மாலைக்குப் பின் பேருந்து கிடையாது.