பிள்ளையின் காலைப் பார்த்தீர்களா?



சில வருடங்களுக்கு முன் நாவற்குடாப் பக்கத்திலிருந்து எங்கள் குர்ஆன் மத்ரஸாவுக்கு ஒரு பையன் வந்து ஓதினான். பாடசாலை விட்டதும் சீருடையோடு நேரே வந்துவிடுவான். சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்து, செருப்பைப் போல இழுத்துக்கொண்டுதான் வருவான். பள்ளிவாசலுக்கு வரும் பிள்ளைகள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கழற்றிப் போட லேசு என்பதற்காகச் செய்வார்கள். இவனும் அந்த ரகம்தான் என்று எண்ணிக்கொண்டேன். வாப்பா பாடுபட்டு வாங்கித் தந்த சாமானை இப்படிப் பாழாக்கலாமா என்று மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் இரண்டு மூன்று தடவை ஏசியும் விட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான்.

ஒருநாள் அஸர் தொழுகைக்கு வுழூச் செய்யும்போது ஹவுழின் ஓரத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தற்செயலாக அவனுடைய காலைப் பார்த்தேன். பெருவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. சின்னவிரல் பக்கத்து விரலுக்குக் கீழே மடிந்து கிடந்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்து காய்ந்த தழும்பு.

“ஏன் மகன் உம்மாட்டச் சொல்லல்ல?” என்று கேட்டேன்.

“சொன்னாப் புதுசு வாங்கணும் மௌலவி. வாப்பாட கையில இப்பக் காசில்ல” என்றான்.

வயது எட்டு. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் எந்தப் பிள்ளைகளின் முன்னிலையில் ஏசினேனோ அவர்களின் முன்னிலையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த உம்மா கவனமில்லாதவர் அல்லர். நானறிந்த வரையில் மிகவும் பொறுப்பான பெண். அப்படியிருந்தும் அவர் கண்ணில் ஏன் படவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். பிள்ளை சிறுவனாக இருக்கும்வரை தாய்தான் குளிப்பாட்டுகிறாள், கால் கழுவி விடுகிறாள், நகம் வெட்டுகிறாள். ஏழு வயதில் தொழும்படி ஏவுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. அந்த வயதில் பிள்ளை தானே வுழூச் செய்யவும், தானே குளிக்கவும் பழகிவிடுகிறான். நல்ல விஷயம்தான். ஆனால் அன்றோடு அவனுடைய கால் தாயின் பார்வையை விட்டுப் போய்விடுகிறது. அந்தக் கால்தான் தினமும் ஆறேழு மணி நேரம் மூடிய சப்பாத்துக்குள் கிடக்கிறது.

வுழூவைப் பூரணமாகச் செய்யும்படியும் விரல்களின் இடைகளைக் கோதிக் கழுவும்படியும் லகீத் இப்னு ஸபிரா (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் சொல்லிக்கொடுத்ததை அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் காண்கிறோம். குதிகால் நனையாமல் விடுவதைப் பற்றிய கடுமையான எச்சரிக்கையையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். வாரத்தில் ஒருநாள் பிள்ளை வுழூச் செய்யும்போது அருகில் உட்காருங்கள். விரலைக் கோதுகிறானா என்று பாருங்கள். அப்படியே காலையும் பார்த்துவிடலாம். காலுறையைக் கழற்றி வெகுநேரம் ஆகியும் மறையாத சிவந்த தடம், கறுத்த நகம், கொப்புளம், மடங்கிய விரல் இவையெல்லாம் சப்பாத்து சிறுத்துவிட்டது என்பதற்கு அடையாளம். விரலிடையில் வெள்ளையாக ஊறிப்போய் அரித்தால், ஈரக் காலுறையால் வந்த பூஞ்சணமாக இருக்கலாம். மருந்து போட வேண்டும்.

“நோகுதா?” என்று கேட்டால் மட்டும் போதாது. வளர்ந்தவரின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. குழந்தையில் இவற்றில் பெரும்பகுதி குருத்தெலும்பாகத்தான் இருக்கும். முழுவதும் இறுகி முடிவதற்குப் பதின்ம வயதின் கடைசிப் பகுதி ஆகிவிடும். இளகிய காலாகையால் இறுகிய சப்பாத்துக்கும் அது வளைந்து கொடுத்துவிடும். நோவு பிந்தித்தான் தெரியும். தெரிந்தாலும், வீட்டு நிலைமையை அறிந்த பிள்ளை வாய் திறக்காது.

கடையில் நாம் சப்பாத்தின் நுனியை விரலால் அமுக்கிப் பார்க்கிறோம். பிள்ளை உள்ளே விரலைச் சுருக்கிக்கொண்டால் இடம் இருப்பதுபோலத்தான் தோன்றும். அதைவிட லேசான வழி ஒன்று உண்டு. காலுறையோடு பிள்ளையை ஒரு மட்டையின் மேல் நிமிர்ந்து நிற்க வையுங்கள். இரண்டு பாதங்களையும் பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டி எடுங்கள். அந்த மட்டையைச் சப்பாத்துக்குள் வைத்துப் பாருங்கள். மடங்கினால் மாற்றத்தான் வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் பெருவிரலின் அகலம், அதாவது ஒரு சென்றிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான இடம் இருக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல்தான் நீளம். இரண்டு காலும் ஒரே அளவாக இராது. பெரிய காலுக்கே வாங்க வேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், அளக்க அதுவே நல்ல நேரம்.

நம்மில் பலர் இரண்டு வருடம் போகட்டும் என்று இரண்டு இலக்கம் கூட்டி வாங்கி, நுனியில் பஞ்சை அடைத்துக் கொடுக்கிறோம். என் மூத்த பிள்ளைக்கு நானும் செய்த வேலைதான் இது. நாம் கடையில் கேட்கும் இலக்கத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு, ஏறக்குறைய எட்டரை மில்லிமீற்றர். இரண்டு இலக்கம் என்றால் பதினேழு. கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கும், விரல் நுனியில் இடிபடும், குதிகால் உரசிப் புண்ணாகும். பெருவிரல் அகல இடம் விட்டாலே சில மாதங்களுக்குப் போதும்.

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்கு மாதத்துக்கு ஒரு தடவையும், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் அளந்து பார்த்தால் போதுமானது. நமக்கு வசதியாக ஒரு தவணை தானாகவே வருகிறது. றமழான் விடுமுறையில் பிள்ளைகள் ஒரு மாதம் செருப்போடு திரிகிறார்கள். பாடசாலை திறக்கும் காலையில் சப்பாத்து ஏறவில்லை என்று அழுவதை எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்! பெருநாள் உடுப்புத் தைக்க அளவெடுக்கும்போதே காலையும் அளந்துவிடுங்கள். இன்னொன்றும் சொல்வேன், கோபிக்க வேண்டாம். கையில் ஒரு சோடிக்குத்தான் காசு இருக்கிறதென்றால், பெருநாளுக்கு மினுக்குச் சப்பாத்து வாங்காமல் பாடசாலைச் சப்பாத்தை வாங்குங்கள். மினுக்குச் சப்பாத்தை மூன்று தடவை போடுவதற்குள் அது சிறுத்துவிடும்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நம்முடைய மணல் நிலத்தில் சப்பாத்து வேறு விதமாகவும் பழுதாகிறது. உள்ளே சேரும் மணல் தோலை உரசும்; தினமும் தட்டிவிட வேண்டும். மாரி காலத்தில் நனைந்ததை அடுப்படியில் வைத்துக் காய்ச்சினால் பசை விட்டுவிடும். பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து நிழலில் காயவிடுங்கள். அடி தேய்ந்து வழுக்கினாலும், குதிப்பக்கம் ஒரு பக்கமாகச் சரிந்தாலும், கால் நீளம் சரியாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். ஒரு சப்பாத்து மட்டும் மற்றதைவிட வேகமாகத் தேய்ந்தால் நடையில் ஏதோ கோளாறு இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் சப்பாத்து விலை ஏறியதை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிந்திய வருடங்களில் சில பாடசாலைகளின் மாணவருக்கு அரசாங்கம் பாதணி வவுச்சர் வழங்கியது. அப்படி ஒன்று கிடைத்தால் பிள்ளையையும் கடைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மனக்கணக்கில் இலக்கம் சொல்லி வாங்கி வராதீர்கள். வீண்விரயமும் இல்லாமல் கஞ்சத்தனமும் இல்லாமல் நடுவில் நிற்பதை ஸூரத்துல் புர்கானின் 67ஆவது வசனம் நல்லடியார்களின் குணமாகக் கூறுகிறது. சிறுத்ததை மாட்டிவிடுவது சிக்கனம் ஆகாது.

அந்தப் பையனின் உம்மா அடுத்த கிழமை வந்தார். கண் கலங்கியிருந்தது. கடைக்காரரிடம் தவணை பேசிப் புதுச் சப்பாத்து வாங்கிவிட்டதாகச் சொன்னார். “பழையதத் தம்பிக்கு வெச்சிருக்கன் மௌலவி, இன்னும் கிழியல்ல” என்றார். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். அண்ணனின் விரல்கள் அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. பின்பக்கமும் மிதிபட்டு உருக்குலைந்திருந்தது. நாளைக்கு அஸருக்குத் தம்பியையும் கூட்டி வரச் சொல்லி அனுப்பினேன். மட்டையும் பென்சிலும் அன்றிலிருந்து மத்ரஸா அலுமாரியில் இருக்கின்றன.