ரசீதுப் புத்தகம் இருக்கிறது. சபுராளிப் பதிவேடு எங்கே?



ஜும்ஆ முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வருகிறது. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு வாலிபர் சவூதியில் வஃபாத்தாகி விட்டார். இன்னா லில்லாஹி சொல்லிக்கொண்டே எல்லோரும் பள்ளியின் வெளித்திண்ணையில் கூடுகிறார்கள். "எந்தக் கம்பெனி?" என்று ஒருவர் கேட்கிறார். "தம்மாம் பக்கம் ஏதோ கம்பெனி" என்கிறார் தகப்பனார். இகாமா நகல் இருக்கிறதா? இல்லை. பாஸ்போர்ட் நம்பர்? தெரியவில்லை. அனுப்பி வைத்த ஏஜெண்ட் யார்? "நம்ம ஆள்தான், இப்ப போனை எடுக்க மாட்டேங்கிறார்."

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, மேலப்பாளையம்... ஊர்தான் வேறு. காட்சி ஒன்றுதான். இதைக் காணாதவர் நம்மில் யார்?

அங்கே பிணவறையில் மய்யித்து கிடக்கிறது. இங்கே ஒரு தாய் நாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். இடையில் நிற்பது கடலா? இல்லை. நாம் எழுதி வைக்காமல் விட்ட ஒரு தாள்!

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நிகாஹ் நடந்தால் தஃப்தரில் எழுதுகிறோம். வலி யார், சாட்சிகள் யார், மஹர் எவ்வளவு என்று ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். சந்தா கட்டினால் ரசீது தருகிறோம். ஆனால் இருபத்திரண்டு வயது வாலிபன் தாயின் நகையை விற்ற காசோடு கடல் கடந்து போகிறான். அவனைப் பற்றி ஜமாஅத்தில் ஒரு வரி கூட இல்லை! அவன் அனுப்பும் ரியாலுக்கும் திர்ஹத்துக்கும் நம்மிடம் ரசீதுப் புத்தகம் இருக்கிறது. அவனுக்கு ஒரு பதிவேடு இல்லை.

இத்தனைக்கும் எழுதச் சொன்ன மார்க்கம் நம்முடையது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது பேசுவது கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றி. சாட்சி வைத்துக்கொள்வது பற்றி. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. நாமோ ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு, "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்கிறோம்!

'நம்ம ஆள்தானே!'

சபர் போகும் இளைஞனே! உன்னைக் கவிழ்க்கும் முதல் வார்த்தை இதுதான். விசா கொண்டு வந்தவர் நம்ம ஆள். அதனால் ஒப்பந்தம் கேட்பதில்லை. பணம் வாங்கியவர் நம்ம ஆள். அதனால் ரசீது கேட்பதில்லை. கேட்டால் மனம் புண்படுமாம்! ஏமாந்த பிறகு யாருடைய மனம் புண்படுகிறது?

1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி. வரியும். நம் ஊர்களில் லட்சக் கணக்கில் கைமாறுகிறதே, அது எந்தக் கணக்கு? ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஐந்து நிமிடச் சோம்பலுக்கு ஐந்து வருட உழைப்பை விலை கொடுக்காதே!

'ஃப்ரீ விசா' என்கிறார்கள். எந்த நாட்டுச் சட்டத்திலும் அப்படி ஒரு விசா கிடையாது. வேலையே தராத கஃபீல் ஒருவன் விற்கும் அனுமதிச் சீட்டு அது. அதை வைத்துக்கொண்டு வேறொருவரிடம் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் வராவிட்டால் வழக்குப் போட முடியாது. சாரத்திலிருந்து விழுந்தால் இழப்பீடு கேட்க முடியாது. கஃபீல் ஒரு நாள் 'ஹுரூப்' என்று எழுதிக் கொடுத்தால் ஓடிப்போனவன் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். விசிட் விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்பதும் இதே குழிதான்.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போனவர்களை மியான்மர் எல்லைக்குக் கடத்திச் சென்று, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வேலை வாங்கினார்கள். 2022ல் அங்கிருந்து மீட்கப்பட்ட இந்தியர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்தனர். படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம், அவர்கள் படித்தவர்கள்தாம்!

பையில் என்ன இருக்கிறது?

விமான நிலைய வாசலில் தெரிந்தவர் ஒருவர் ஒரு பார்சலைத் திணிப்பார். "அண்ணனுக்கு ஊறுகாயும் மாத்திரையும்தான் தம்பி, கொண்டு போய்க் கொடுத்துடு." மறுக்க உனக்கு நா எழாது. ஆனால் சுங்க அதிகாரி முன் அந்தப் பை உன்னுடையது. அதற்குள் இருப்பதும் உன்னுடையது. போதைப்பொருள் வழக்குகளில் மரண தண்டனையை நிறுத்தி வைத்திருந்த சவூதி அரேபியா, 2022 நவம்பரில் அதை மீண்டும் நிறைவேற்றத் தொடங்கியது. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. நீ கட்டாத பார்சலை நீ சுமக்காதே. முகத்துக்கு அஞ்சினால் உயிருக்கே ஆபத்து!

உம்மாமார்களுக்கும் ஒரு சொல். குருமாவுக்கு என்று நீங்கள் அன்போடு மடித்து வைக்கும் கசகசா, சவூதியிலும் அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை, அல்பிரசோலம் தூக்க மாத்திரை எல்லாம் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. மருந்து தேவைப்படுகிறவர் மருத்துவர் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்; போகிற நாட்டின் முன் அனுமதி தேவையா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வணிகப் பெருமக்களே! சென்னைக்கும் சிங்கப்பூர், கோலாலம்பூருக்கும் இடையே 'குருவி'யாகப் பறக்கும் பையன்கள் யாருடைய சரக்கைச் சுமக்கிறார்கள்? லாபம் முதலாளிக்கு, சிறை குருவிக்கு என்றால் அது என்ன வியாபாரம்?

அறை, வெயில், பாஸ்போர்ட்

2024 ஜூன் 12 அதிகாலை. குவைத்தின் மங்காஃப் பகுதியில் ஏறத்தாழ 200 தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம். தரைத்தளத்தில் மின்கசிவால் தீப்பிடித்தது. மேல் மாடிகளில் எல்லோரும் உறக்கத்தில் இருந்தார்கள். ஏறத்தாழ 50 உயிர்கள் போயின. பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. இரண்டு நாள் கழித்து இந்திய விமானப்படை விமானம் 45 இந்தியர்களின் உடல்களோடு கொச்சியில் இறங்கியது. அவர்களில் 7 பேர் தமிழர்கள். பெட்டிகளுக்கு முன்னால் மதமும் ஊரும் பார்த்தா கண்ணீர் வந்தது?

சகோதரனே! புது அறைக்குப் போன அன்றே இரண்டாவது வழி எங்கே என்று பார். மாடிக் கதவு பூட்டிக் கிடக்கிறதா, படிக்கட்டில் சிலிண்டரும் சாமானும் அடைத்துக் கிடக்கின்றனவா என்று பார். ஒரே பிளக்கில் அடுப்பு, இஸ்திரிப்பெட்டி, நான்கு செல்போன் என்று மாட்டாதே. குளிர்காலத்தில் மூடிய அறைக்குள் கரி மூட்டிக் குளிர்காய்ந்துவிட்டு அப்படியே உறங்கினால், வாசமே இல்லாத நச்சுவாயு ஆளைக் கொன்றுவிடும். ஜன்னலைத் திற, நெருப்பை அணைத்துவிட்டு உறங்கு. படுக்கும் முன் விளக்கை அணைக்கச் சொன்னவர்களின் உம்மத் அல்லவா நாம்?

வெயிலுக்கும் அங்கே சட்டம் இருக்கிறது. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணி முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அமீரகத்தில் அதே நாட்களில் 12.30 முதல் 3 மணி வரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 11 மணி முதல் 4 மணி வரை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை. அவர்கள் எழுதி வைத்த உரிமை இது. தெரியாதவனுக்கு அந்த உரிமை இருந்தும் இல்லை.

பாஸ்போர்ட் உன் கஃபீலுடைய சொத்தல்ல. அது இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. கத்தாரின் 2015ஆம் ஆண்டின் 21ஆம் எண் சட்டம், தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கும் முதலாளிக்கு 25,000 ரியால் வரை அபராதம் விதிக்கிறது. சவூதியிலும் அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட செயல்தான். கேட்டும் தராவிட்டால் இந்தியத் தூதரகத்தில் எழுத்தில் புகார் கொடு. படிக்கத் தெரியாத அரபித் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதே.

அங்கே சொந்தமாக பகாலாவும் ஹோட்டலும் நடத்தும் நம் முதலாளிமார்களே! ஊர்ப் பையன்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறீர்கள். அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆனால் அவர்கள் படுக்கும் அறையில் ஓர் இரவு நீங்கள் படுத்துப் பார்த்ததுண்டா? அவர்கள் பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருக்கிறது? அரபியைக் குறை சொல்லும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

ஜமாஅத் செய்ய வேண்டியது

ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு சபுராளிப் பதிவேடு வேண்டும். போகிறவர் பள்ளியில் துஆ கேட்டுவிட்டுக் கிளம்புகிறார் அல்லவா? அன்றே எழுதிவிடலாம். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல். கம்பெனி, கஃபீல் பெயர், முகவரி. போய்ச் சேர்ந்தபின் இகாமா நகல். ஏஜெண்டின் பதிவு எண், கொடுத்த தொகை, ரசீது. அங்கே இருக்கும் உறவினர், அறைத்தோழர் என இரண்டு தொலைபேசி எண்கள். வாரிசு யார், கடன் எவ்வளவு, அமானிதம் யாரிடம் என்ற வஸிய்யத், மூடிய உறையில். பதிவேடு பூட்டில் இருக்கட்டும். தேவை வரும்போது மட்டும் திறக்கட்டும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் ரூபாய்க் கணக்கிலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாமல் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவருக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய். பாலிசி எண் தெரியாத குடும்பம் எப்படிக் கேட்கும்? சவூதிச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளமும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடை. வேலையில் இருந்தவர் இறந்தால் அது வாரிசுகளின் ஹக்கு. ஒப்பந்தம் இல்லாமல் எதை வைத்துக் கேட்பது? மய்யித்தை அனுப்பவோ அங்கேயே அடக்கவோ வாரிசின் சம்மதக் கடிதம் வேண்டும். வசதியற்றவர் மய்யித்தை அனுப்ப, தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. தாள் இருந்தால் கதவு திறக்கும்.

ரசீதுப் புத்தகம் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அமீரகத்தில் அனுமதி பெற்ற அமைப்புகளைத் தவிர வேறு எவரும் நன்கொடை திரட்டக் கூடாது என்கிறது 2021ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளி மினாராவுக்கு என்று துபாயில் இருக்கும் பையனிடம் ரசீதுப் புத்தகத்தை அனுப்பி வைக்கும் நிர்வாகிகளே, அவனை ஜெயில் வாசலில் நிறுத்துகிறோம் என்ற எண்ணம் உண்டா? இயக்கங்களும் இதற்கு விலக்கல்ல. நாமும் அல்ல.

அரசுகளிடமும் கேட்போம். பத்தாம் வகுப்பு தேறியவனும் அதே சாரத்தில்தான் ஏறுகிறான். அவனுக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்கு என்று மத்திய அரசைக் கேட்போம். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்க 1978லேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கிய தமிழக அரசு, அதன் முகாம்களை நம் கடற்கரை ஊர்களுக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் கோரிக்கை வைக்கும் கை முதலில் பதிவேட்டைத் திறக்கட்டும்.

ஒரு குயர் நோட்டு. ஒரு பேனா. அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்க இரண்டு இளைஞர்கள். செலவு இவ்வளவுதான். வருகிற ஜும்ஆவில் உங்கள் முத்தவல்லியிடம் கேளுங்கள்: "நம் ஊரில் எத்தனை பேர் சபரில் இருக்கிறார்கள்?" பதில் வரவில்லை என்றால், நோட்டின் முதல் பக்கத்தை நீங்களே எழுதத் தொடங்குங்கள்.

போனவர்கள் போனபடியே நலமாகத் திரும்பி வர எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.