தொண்டருக்கும் வயிறுண்டு

சப்பிரகமுவத் தோட்டப் பகுதிகளில் பணிபுரியும் சிறு தொண்டு நிறுவனங்களில் ஊழியர் நிலைப்பதில்லை என்பது பழைய முறைப்பாடு. இக்காலத்து இளைஞருக்குத் தொண்டுள்ளம் இல்லையென்று அதற்குக் காரணம் கூறுவோரும் உளர். அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் நிலை நுவரெலியாவின் நிலையன்று. இங்கே தோட்டத் தமிழர் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழ்கின்றனர். தெரணியகலையிலோ இறக்குவானையிலோ ஒரு தாய் தன் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைத் திருத்த வேண்டுமாயின், படிவத்தை நிரப்பவும் கந்தோரில் சிங்களத்தில் எடுத்துரைக்கவும் ஒருவர் துணை வேண்டும். அத்துணை பெரும்பாலும் அத்தோட்டத்திலேயே பிறந்து உயர்தரம் வரை கற்ற ஒரு பெண்ணே. எந்த லயத்தில் எவருடைய பத்திரத்தில் என்ன பிழை என்பது அவள் நெஞ்சில் இருக்கிறது. நிறுவனத்தின் அலுமாரியில் இல்லை. அவள் கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குப் போய்விட்டால், அடுத்து வருபவர் அடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அவள் ஏன் போகிறாள்? கொழுந்து பறிக்கும் அவளுடைய தாய்க்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. தாயின் பங்கு நூற்றுக்கு 8. தோட்டத்தின் பங்கு நூற்றுக்கு 12. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தந்த உரிமை அது. ஆனால், பத்துப் பேருக்குக் குறைந்த ஊழியரைக் கொண்ட தரும நிறுவனங்களுக்கு அந்நிதியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. தாய்க்குள்ள முதுமைக் காப்பு, அத்தாய் அரும்பாடுபட்டுப் படிக்கவைத்த மகளுக்கு இல்லை! சிறு நிறுவனங்களின் சுமையைக் குறைக்கும் நல்லெண்ணத்தால் பிறந்த விலக்காக இருக்கலாம். அச்சுமை யார் தலையில் இறங்கிற்று?

பணம் வழங்குவோரும் குற்றத்துக்கு நீங்கியவரல்லர். ஓரிரண்டு ஆண்டுத் திட்டத்துக்கே பணம் தருகின்றனர். பதாகைக்கும் கூட்டத்துக்கும் தாராளம். சம்பளமென்றால் நிருவாகச் செலவென்று வெட்டிவிடுகின்றனர். இறப்பர்க் கன்று நட்டவன் பால் வெட்ட ஆறேழு ஆண்டு காத்திருப்பதை இவர்கள் கண்டதில்லை போலும்.

மேற்படி விலக்கை நீக்குமாறு மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் வற்புறுத்த வேண்டும். உதவ முன்வரும் நம்மவர், உத்தியோகத்தராயினும் கமக்காரராயினும், கட்டடத்தில் பெயர் பொறிப்பதை விட்டு, கூட்டாகச் சேர்ந்து ஓர் ஊழியரின் ஐந்தாண்டுச் சம்பளத்தைப் பொறுப்பேற்கட்டும். சட்டம் திருந்தும்வரை, அச்சம்பளத்தில் நூற்றுக்கு 12 வீதத்தை மாதந்தோறும் அவர் பெயரில் தேசிய சேமிப்பு வங்கியில் இடட்டும்.