‘ஃபார்மேட் பண்ணிடலாம்’ என்கிறார்களா? ஒரு நிமிடம் பொறுங்கள்!

“மகளின் லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு இரண்டும் இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று ஒரு மெனு வரும். போன வாரம் விண்டோஸ் அப்டேட் ஆனது. அதிலிருந்து மெனுவே வருவதில்லை, நேராக விண்டோஸுக்குப் போய்விடுகிறது. சர்வீஸ் கடையில், ‘உபுண்டு போயிடுச்சு, ஃபார்மேட் பண்ணி ரெண்டையும் புதுசா போட்டுத் தர்றோம்’ என்கிறார்கள். அவளுடைய ஃபைனல் இயர் புராஜெக்ட் முழுக்க உபுண்டுவில்தான் இருக்கிறது. என்ன செய்வது?”

இதுதான் இந்த வாரக் கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃபார்மேட் செய்யாதீர்கள். பெரும்பாலும் அந்த புராஜெக்ட் பத்திரமாகத்தான் இருக்கிறது.

ஒரே கணினியில் இரண்டு ஓ.எஸ். வைத்துக்கொள்வதற்கு ‘டூயல் பூட்’ என்று பெயர். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பலர் முதன்முதலில் லினக்ஸைப் பார்த்தது அதில்தான். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது. அதனால் பழைய கணினியில் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸையும் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனவே, ‘ஒன்று காணோம்’ என்ற பிரச்னை யாருக்கும் வரலாம்.

காணாமல் போனது எது?

ஒரு அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு வீடுகள். வாசலில் வாட்ச்மேன். யார் வந்தாலும் அவர்தான் ‘இந்த வீடு, அந்த வீடு’ என்று வழிகாட்டுவார். ஒருநாள் வாட்ச்மேன் மாறுகிறார். புதியவருக்கு ஒரு வீடுதான் தெரியும். வருகிறவர்களை எல்லாம் அந்த வீட்டுக்கே அனுப்புகிறார். இன்னொரு வீடு இடிந்துவிட்டதா? இல்லை. பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வழி சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கணினியில் அந்த வாட்ச்மேன் வேலையைச் செய்யும் சிறிய மென்பொருளின் பெயர் ‘பூட்லோடர்’. லினக்ஸில் பொதுவாக இருப்பது ‘க்ரப்’. விண்டோஸில் இருப்பது ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’. யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல், மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய நினைவகத்தில் இருக்கும். உங்கள் ஃபைல்கள் இருக்கும் பார்ட்டிஷனுக்கும் இந்தப் பட்டியலுக்கும் சம்பந்தம் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது?

முதல் காரணம், பட்டியலில் வரிசை மாறுவது. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தாலோ, சில பெரிய அப்டேட்கள் வந்தாலோ, விண்டோஸ் பூட் மேனேஜர் முதலிடத்துக்கு வந்துவிடும். க்ரப் இரண்டாவது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். மிகப் பழைய கணினிகளில் டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள 512 பைட் அளவிலான முதல் செக்டாரில்தான் பூட்லோடரின் முதல் பகுதி இருக்கும். அங்கே விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால், க்ரப்பின் மேலேயே எழுதிவிடும்.

இரண்டாவது, பாதுகாப்பு அப்டேட். 2024 ஆகஸ்ட் மாதம் வந்த விண்டோஸ் அப்டேட், ஓட்டையுள்ள பழைய பூட்லோடர்களைத் தடுப்பதற்கான ஓர் ஏற்பாட்டோடு வந்தது. டூயல் பூட் கணினிகளுக்கு அந்த ஏற்பாடு போகாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனாலும் உலகம் முழுக்கப் பல டூயல் பூட் கணினிகளில் அது நுழைந்துவிட்டது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், ‘ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வந்தது, உடனே கணினி ஆஃப் ஆனது. பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். ஆனால், உள்ளே இருந்த ஃபைல்களுக்கு எதுவும் ஆகவில்லை. ‘செக்யூர் பூட்’ என்ற செட்டிங்கைத் தற்காலிகமாக ஆஃப் செய்து லினக்ஸுக்குள் போய்ச் சரிசெய்தார்கள்.

மூன்றாவது, பழைய டெஸ்க்டாப்களில் உள்ள பட்டன் பேட்டரி. மதர்போர்டில் சி.ஆர். 2032 என்ற வட்ட பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் செட்டிங்குகள் பழைய நிலைக்குப் போய்விடும். ஓ.எஸ். காணாமல் போனதோடு, கடிகாரத்திலும் பல வருடம் முந்தைய தேதி காட்டினால் சந்தேகமே வேண்டாம், முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க…

1. போனில் போட்டோ எடுங்கள். திரையில் வரும் ஒவ்வொரு செய்தியையும், நீங்கள் மாற்றப்போகும் ஒவ்வொரு செட்டிங்கையும் மாற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே இருந்தோம் என்று திரும்பிப் பார்க்க அது உதவும்.

2. பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். கணினியை ஆஃப் செய்து ஆன் செய்தவுடன், கம்பெனியின் லோகோ வரும் நேரத்தில் ஒரு பட்டனை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். டெல், லெனோவா, ஏசர் என்றால் பொதுவாக எஃப்12. ஹெச்.பி. என்றால் எஃப்9. ஆசஸ் லேப்டாப் என்றால் எஸ்கேப். (ஏசரில் இந்த வசதியை பயாஸ் செட்டிங்கில் ஆன் செய்தால்தான் வரும்.) வருகிற பட்டியலில் ‘உபுண்டு’ என்ற பெயர் இருக்கிறதா? அதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். பல நேரங்களில் பிரச்னை இங்கேயே முடிந்துவிடும்.

பட்டனைச் சரியான நேரத்தில் தட்ட முடியவில்லையா? விண்டோஸுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். நீல நிறத் திரையில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்று இருந்தால் அதற்குள் போங்கள். அங்கேயும் அதே பெயர் இருக்கும்.

3. வரிசையை மாற்றுங்கள். உபுண்டு திறந்துவிட்டதென்றால், முதல் வேலையாக புராஜெக்ட்டை ஒரு பென் டிரைவில் காப்பி எடுங்கள். பிறகு பயாஸ் செட்டிங்கில் ‘பூட் ஆர்டர்’ பகுதிக்குப் போய் உபுண்டுவை மேலே கொண்டுவாருங்கள். பழைய மெனு திரும்பி வந்துவிடும்.

4. பட்டியலில் பெயரே இல்லையென்றால், வீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸின் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறங்கள். டிரைவ் எழுத்து எதுவும் இல்லாமல் பெரிய அளவில் ஒரு பார்ட்டிஷன் தெரிந்தால், அநேகமாக அதுதான் உபுண்டு. லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸால் படிக்க முடியாது என்பதால் அதற்குப் பெயரும் எழுத்தும் இருக்காது. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் மேல் ரைட் கிளிக் செய்து டெலிட், ஃபார்மேட் எதையும் தொடாதீர்கள்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். லினக்ஸ் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு விண்டோஸ் கணினியில் மாட்டினால், ‘இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ‘எனக்கு இந்த பாஷை தெரியாது’ என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. கேன்சல் கொடுங்கள்.

5. லைவ் பென் டிரைவ். உபுண்டுவை 8 ஜி.பி. பென் டிரைவிலிருந்தே, இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டலாம். இன்னொரு கணினியில் ‘ரூஃபஸ்’ என்ற இலவச மென்பொருளால் இதைத் தயார் செய்யலாம். வேறு கணினி இல்லையென்றால், ஆண்ட்ராய்டு போனில் ஓ.டி.ஜி. கேபிள் மாட்டி ‘ஈட்ச்டிராய்டு’ என்ற ஆப் மூலமாகவும் செய்யலாம். பென் டிரைவில் ஏற்கெனவே உள்ளதெல்லாம் அழிந்துவிடும், கவனம்.

பென் டிரைவை மாட்டி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பெயர் இரண்டு முறை தெரிந்தால், ‘யூ.இ.எஃப்.ஐ.’ என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். (மிகப் பழைய கணினி என்றால் மற்றதை.) உள்ளே போனதும் ‘ட்ரை உபுண்டு’ என்பதை மட்டும் கொடுங்கள். ‘இன்ஸ்டால்’ வேண்டாம். ஃபைல்ஸ் பகுதியில் பழைய உபுண்டுவின் பார்ட்டிஷன் தெரியும். அதற்குள் ‘ஹோம்’ ஃபோல்டரில்தான் மகளின் ஃபைல்கள் இருக்கும். முதலில் வேறொரு பென் டிரைவுக்கோ எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கோ காப்பி எடுங்கள். ரிப்பேர் எல்லாம் அப்புறம்தான்.

காப்பி எடுத்த பிறகு ‘பூட்-ரிப்பேர்’ என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தலாம். பென் டிரைவில் போட்டு அப்படியே ஓட்டும் வடிவத்திலும் இது கிடைக்கிறது. அதில் ‘ரெக்கமெண்டட் ரிப்பேர்’ என்ற பட்டனை அழுத்தினால், பெரும்பாலான கணினிகளில் க்ரப்பை அதுவே திரும்ப உட்காரவைத்துவிடும்.

விண்டோஸைக் காணோம் என்றால்?

தலைகீழாகவும் நடக்கும். லினக்ஸ் அப்டேட்டுக்குப் பிறகு மெனுவில் விண்டோஸ் இல்லாமல் போகலாம். 2021-ல் வந்த க்ரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற ஓ.எஸ்-களைத் தேடும் ‘ஓ.எஸ். ப்ரோபர்’ என்ற வேலையைப் பாதுகாப்பு கருதி ஆஃப் செய்துவைத்தார்கள். க்ரப்பின் செட்டிங் ஃபைலில் ‘டிஸேபிள் ஓ.எஸ். ப்ரோபர்’ என்ற வரியைத் தேடி, முன்னால் உள்ள ஹேஷ் குறியை எடுத்துவிட்டு, அதன் மதிப்பு ‘ஃபால்ஸ்’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். சேவ் செய்துவிட்டு டெர்மினலில் ‘சூடோ அப்டேட்-க்ரப்’ கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸ் மெனுவுக்குத் திரும்பும். கட்டளையெல்லாம் பழக்கமில்லை என்பவர்களுக்கு, மேலே சொன்ன பூட் மெனுவே போதும். அங்கே ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ இருக்கும்.

48 இலக்க எண் எங்கே?

எந்த செட்டிங்கையும் மாற்றும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். ‘பிட்லாக்கர்’ என்ற ஏற்பாடு அது. செக்யூர் பூட்டை மாற்றினால், ‘வேறு யாரோ நுழைகிறார்கள்’ என்று நினைத்து 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்கலாம். எண் இல்லையென்றால் விண்டோஸ் பக்கம் உள்ள ஃபைல்களை உங்களால் மட்டுமல்ல, எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் போன் மூலமாகவே லாகின் செய்து, அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அதன் பிறகு செட்டிங்கில் கை வையுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

பயாஸிலேயே டிஸ்க்கின் பெயர் தெரியவில்லை, ஹார்டு டிஸ்க்கிலிருந்து ‘டக்... டக்...’ என்று சத்தம் வருகிறது என்றால், அது பூட்லோடர் பிரச்னை இல்லை. டிஸ்க்குக்கே உடம்பு சரியில்லை. மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காமல், டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

யாரோ பார்ட்டிஷனையே டெலிட் செய்துவிட்டார்கள் என்றாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். அந்த இடத்தில் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை, ‘டெஸ்ட்டிஸ்க்’ போன்ற இலவசக் கருவிகளால் திரும்பக் கொண்டுவர வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதன் மேல் புதிய ஓ.எஸ். போட்டுவிட்டால் அந்த வாய்ப்பு பெருமளவு போய்விடும். கடைக்காரர் சொன்ன ‘ஃபார்மேட் பண்ணி புதுசா’ என்பது செய்வது அதைத்தான்.

கடையில் என்ன சொல்வது?

இதையெல்லாம் நாமே செய்ய பயமாக இருக்கிறது என்றால் தவறில்லை, கடைக்கே போங்கள். ஆனால், ‘லேப்டாப்பை சரி பண்ணிக் கொடுங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சரி பண்ணுவது என்றால் அவர்களைப் பொறுத்தவரை கணினி ஓடினால் போதும். ஃபார்மேட் செய்தாலும் ஓடும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: “உள்ள இருக்கிற டேட்டா வேணும். ஃபார்மேட் பண்ணக் கூடாது. முதல்ல லைவ் பென் டிரைவ்ல போட்டு காப்பி எடுத்துக் கொடுங்க, அப்புறம் பூட்லோடரை மட்டும் சரி பண்ணுங்க.” இதையே ரசீதிலும் எழுதி வாங்குங்கள். ‘அதெல்லாம் முடியாது’ என்றால் வேறு கடை பாருங்கள்.

இரண்டு ஓ.எஸ். வைத்திருக்கும் மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். முக்கியமான ஃபைல்களுக்கு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ கிளவுடிலோ ஒரு காப்பி. பிட்லாக்கர் எண் ஒரு நோட்டில். லைவ் பென் டிரைவ் ஒன்று மேஜை டிராயரில். உபுண்டுவை எப்போது வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம். மகளின் புராஜெக்ட்டை எங்கிருந்தும் டவுன்லோடு செய்ய முடியாது.